கஞ்சி போட்ட சிம்பொனி

காலரக்காவின் வாழ்க்கை வரலாற்றை எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை. வந்தாலும் ஒரு தபால் அட்டைக்கு மேல் தேறாது என்பது அவளுடைய சொந்த மதிப்பீடு. வயது ஐம்பத்து மூன்று. பெரிய லாண்டிரியில் இருபத்து நான்கு வருடமாகச் சட்டைப் பிரிவு. கல்யாணமான இரண்டாம் வருடம் கணவர், "வெளியூர்ல ஒரு வேலை இருக்காம், பார்த்துட்டு வந்துடறேன்" என்று பெட்டியோடு கிளம்பினார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொம்பக் கஷ்டமான வேலை போலும்.

சட்டையின் முதுகை யார் வேண்டுமானாலும் தேய்த்துவிடலாம். காலர் அப்படியில்லை. இரண்டு முனையிலிருந்தும் நடுவுக்கு வரவேண்டும். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளுகிறவனோடு பந்தியில் உட்காரக்கூட அவள் சம்மதிக்க மாட்டாள். பெயர் வந்த காரணம் இதுதான்.

நகரத்து இசைக்குழுவின் சட்டைகள் வாரம்தோறும் அவளிடம் வரும். அறுபத்து நான்கு வெள்ளைச் சட்டைகள். காலருக்கு உள்பக்கம் அழியாத மையில் எண். பெயர் கிடையாது. அவளுக்கு அவர்கள் வெறும் எண்கள். அவர்களுக்கு அவள் எண்கூட இல்லை.

ஆனாலும் ஜோசியக்காரன் கைரேகை பார்ப்பதுபோல் அவள் சட்டை பார்ப்பாள். இடது காலரில் பழுப்புக் கறை இருந்தால் வயலின்; முப்பத்தொன்று அந்த ரகம். முன்பக்கம் எச்சில் சொட்டிக் காய்ந்திருந்தால் ஊதுகிறவர். ஐம்பத்தொன்றுக்குச் சமீபத்தில் வீட்டில் சண்டை. சட்டை இரண்டு வாரமாக ஹோட்டல் சோப்பு வாசனையோடு வந்தது. பிடிபடாத ஒரே ஆள் பதினேழு. கறையும் இல்லை, எச்சிலும் இல்லை. இடது கை மட்டும் இரண்டு மடிப்பு மடித்த தடத்தோடு வரும். நாலாவது பொத்தான் வாரம் தவறாமல் உடைந்திருக்கும்.

"ஆளுக்குத் தொப்பைக்கா. மூச்சு விட்டா பொத்தான் பறக்குது" என்பான் ட்ரம்மு. துணி துவைக்கும் பெரிய மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பது வயதில் மெஷினைப் போலவே உருண்டிருந்தான்.

"சின்ன சைஸ் சட்டைக்குள்ள தொப்பையாடா? உன் கண்ணுக்கு ஊரெல்லாம் தொப்பைதான்."

பதினோரு வருடமாக அவள் அந்தப் பொத்தானைத் தைத்து வந்தாள். அது லாண்டிரியின் வேலையில் சேராது. யாரும் கேட்கவும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் சட்டையின் ஓரத்தில் ஊசி குத்திய ஒரு துண்டுச் சீட்டு வந்தது: "நாலாவது பொத்தானுக்கு நன்றி. – 17." சீட்டு அன்றிலிருந்து மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கணவர் எழுதியதையும் சேர்த்து அவளுக்கு இதுவரை வந்த கடிதங்கள் மொத்தம் ஒன்று.

வருடத்துக்கு ஒருமுறை இசைக்குழு லாண்டிரிக்கு இரண்டு இலவச டிக்கெட் அனுப்பும். அவை முதலாளி வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். இந்த முறை முதலாளிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. முதலாளியம்மாவுக்கு, முதலாளி படுத்திருக்கும்போது தான் மட்டும் சந்தோஷமாக இருந்தால் பின்னால் சொல்லிக் காட்டுவார் என்ற பயம். டிக்கெட்டுகள் சட்டைப் பிரிவுக்கு இறங்கி வந்தன. ஞாயிறு மாலை நாலு மணி. இரண்டு இங்கிலாந்து சிம்பொனிகள்.

பக்கத்து ஊரிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"பாடுறது யாருக்கா?"

"யாரும் பாட மாட்டாங்களாம். வாசிப்பு மட்டும்."

"ரெண்டு மணி நேரம் பாட்டே இல்லாத கச்சேரியா? எனக்கு இடுப்பு வலிக்குது, நீ போயிட்டு வா. அங்க போயி தூங்கிடாதக்கா, குறட்டை விட்டா வெளிய அனுப்பிடுவாங்க."

ட்ரம்முவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு. வேறு யாரைக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தாள். யோசனை சீக்கிரமே முடிந்துவிட்டது.

இங்கேதான் விதி புகுந்தது. இசைக்குழுவின் மூட்டையோடு எப்போதும் ஓர் அட்டை வரும். அதில் சிவப்பு மையில் "கஞ்சி கூடாது" என்று எழுதியிருக்கும். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆடம்பரம் பிடிக்காது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் பார்க்கப் போகிறாள். பதினேழைப் பார்த்து, "நான்தாங்க அந்தப் பொத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லப் போகிறாள். இவள் ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று ஓர் ஆளுக்காவது முகம் பார்த்துத் தெரியவேண்டும்; அவள் ஆசை அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளில் அவர்கள் தொளதொளவென்று வந்து நிற்பதா? வெள்ளிக்கிழமை அறுபத்து நான்கு சட்டைக்கும் கஞ்சி போட்டாள். போட்டாள் என்பது குறைவு. அபிஷேகம் செய்தாள். தேய்த்து முடித்தபோது ஒவ்வொரு சட்டையும் ஆள் துணையில்லாமல் தானாக நடந்து போகும் பதத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் வரிசையில் பன்னிரண்டாம் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். பதின்மூன்றில் கைப்பை உட்கார்ந்தது. அதற்கும் முழு டிக்கெட். இந்தப் பக்கம் கழுத்துத் துணி சுற்றிய ஒரு ரசிகர். அவர் மற்றவர்களுக்கு முந்தியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேடையில் ஆட்கள் வந்தார்கள். பகல் கச்சேரி என்பதால் கோட்டு இல்லை. வெள்ளை வெளேரென்று அவளுடைய சட்டைகள் மட்டும். காலரக்காவுக்கு முகங்கள் தெரியவில்லை, காலர்கள் தெரிந்தன. அதோ முப்பத்தொன்று. அதோ ஐம்பத்தொன்று, பாவம், இளைத்துவிட்டது. கடைசியில் ஆளுயர வாத்தியங்களோடு ஆறு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒல்லியாக, காதோரம் நரைத்த ஒருவர் இடது கையை மட்டும் இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, அந்தப் பிரம்மாண்டத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்தார். வாத்தியத்தின் விளிம்பு சரியாக நாலாவது பொத்தானில் வந்து முட்டியது.

தொப்பை இல்லை. கட்டிப்பிடித்ததில் உடைந்த பொத்தான். பதினோரு வருடத்து மர்மம் தீர்ந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கைப்பையைப் பார்த்தாள்.

முதல் சிம்பொனி நன்றாகச் சத்தமாக இருந்தது. சத்தம் அவளுக்குப் பழக்கம். முரசு அடித்தபோது உலர்த்தும் மெஷினின் கதவு ஞாபகம் வந்தது. எல்லா வயலினும் சேர்ந்து இழுத்தபோது ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறுவதுபோல் இருந்தது. இது நமக்குப் புரிகிற சங்கதிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டாம் சிம்பொனி. அதன் மெதுவான பகுதியில் எல்லாம் அடங்கி ஒரு கொம்பு மட்டும் தனியாக ஊதியது. ஊதிவிட்டுக் காத்திருந்தது. பதில் வரவில்லை. மறுபடி ஊதியது. மெஷின்களெல்லாம் நின்றபின் லாண்டிரியில் ஒரு நிசப்தம் வரும்; குழாயிலிருந்து ஆவி இறங்குவது மட்டும் கேட்கும்; வீட்டுக்குப் போகலாம், ஆனால் அவசரமில்லை. எந்த ஊர்க்காரரோ எழுதிவைத்த இந்த இடம் அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த இடமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பிறகு, கொம்புக்குப் பதில் சொல்ல ஐம்பது வில்கள் காதோடு காதாக எழுந்தன. கூடவே இன்னொன்றும் எழுந்தது.

சரக். சரக். சரக்.

வில் போகும்போது ஒரு சரக், வரும்போது ஒரு சரக். ஐம்பது வலது கைகளில் ஐம்பது மொடமொடப்பான சட்டைக் கைகள். காய்ந்த சருகில் ஒரு படையே நடப்பதுபோல் இருந்தது. குழுவை நடத்துகிறவர் 'இன்னும் மெதுவாக' என்று கையைத் தாழ்த்தினார். வாசிப்பு மெதுவாயிற்று, சரக் தெளிவாயிற்று. முப்பத்தொன்று கழுத்தைக் கோழிபோல் நீட்டி நீட்டிச் சுருக்கியது. சிவப்பு மையின் அர்த்தம் காலரக்காவுக்கு அந்த நிமிடம் முழுசாக விளங்கியது.

பக்கத்து ரசிகர் கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் சாய்ந்தார். "கேட்டீங்களா? அறுவடைக்கு நிக்கிற கோதுமை வயல்ல காத்து. இங்கிலாந்து வயல். இதை ரெக்கார்டுல கேக்கவே முடியாதுங்க."

"முடியாதுங்க" என்றாள் காலரக்கா. அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கஞ்சி போட்டதுபோல.

கைதட்டல் முடிந்ததும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பதினோரு வருடம் வீட்டுக்குப் போக விடவில்லை. பின்வாசலில், வண்டிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். கைப்பைக்குள் ஊசியும் நூலும் ஒரு வெள்ளைப் பொத்தானும் இருந்தன. முப்பத்தொன்றும் பதினேழும் சேர்ந்து வெளியே வந்தார்கள். இருவர் கழுத்திலும் சிவந்த கோடு. பதினேழின் நாலாவது பொத்தான் இல்லை.

"எந்தப் புண்ணியவான் வேலைய்யா இது? தகரத்தை மாட்டிக்கிட்டு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றார் முப்பத்தொன்று. "நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லி ஆளை மாத்தச் சொல்லப் போறேன்."

"அவசரப்படாதய்யா" என்றார் பதினேழு. "அங்க ஒரு அம்மா இருக்காங்க, என் பொத்தானைத் தைக்கிறவங்க. அவங்க கை பட்டிருந்தா இப்படி ஆகியிருக்கவே ஆகாது. இந்த வாரம் பொத்தானை மட்டும் தச்சுட்டு லீவுல போயிருப்பாங்க. பாவம், உடம்புக்கு என்னவோ."

மூன்றடி தூரத்தில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். பொத்தான் நான் என்றால் கஞ்சியும் நான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது. உலகத்தில் ஒரே ஒரு மனிதர் அவள் உடம்புக்கு என்னவோ என்று கவலைப்படுகிறார். அந்தக் கவலையைத் தீர்த்துவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பதினேழு அவளைப் பார்த்தார். "யாரையாவது எதிர்பார்க்கிறீங்களாம்மா?"

"இல்லீங்க. பஸ்ஸுக்கு."

"பஸ் முன்வாசல்லதான் நிக்கும்மா."

"சரிங்க" என்று முன்வாசலுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை மூட்டை வந்தது. அட்டையில் "கஞ்சி கூடாது" என்பதன் கீழ் இப்போது மூன்று கோடு. அறுபத்து நான்கு சட்டையையும் அவள் இரண்டு முறை அலசச் சொன்னாள். ட்ரம்மு முணுமுணுத்தபடி அலசினான். பதினேழுக்கு நாலாவது பொத்தானைத் தைத்தாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதினாள்: "நான் லீவு இல்லை. உடம்பும் நல்லா இருக்கு. கஞ்சி போட்டது நான்தான். மன்னிக்கணும். கொம்பு தனியா ஊதினது நல்லா இருந்துச்சு."

கீழே எண் போட வேண்டுமே. அவர் போட்டிருந்தார். அவளுக்கு எண் ஏது? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "– ஒன்பதாம் வரிசை, 12" என்று போட்டு, சட்டை ஓரத்தில் ஊசியால் குத்தினாள்.

நாலு மணிக்குச் சட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி போயிற்று.

"என்னக்கா, வண்டி போயி அரை மணி ஆச்சு. இன்னும் வாசல்லயே நிக்கிற?" என்றான் ட்ரம்மு.

"காத்து வாங்கறேன்டா."

"இங்க ஏதுக்கா காத்து?"

"வரும்டா. கோதுமை வயல் காத்து" என்றாள் காலரக்கா. அவன் தலையில் அடித்துக்கொண்டு மெஷினைப் பார்க்கப் போனான்.