குரல் மூன்று: பெண், கனிவு

கூலாயில் கோவில் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கிற எனக்குக் கல்யாண வீடும் ஒன்றுதான், சாவு வீடும் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் மாலை வேண்டும். பூவுக்குத் தீட்டு கிடையாது. குரலுக்கு உண்டு என்பது யோகேஸ்வரிக்கு நேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

யோகேஸ்வரி என் பக்கத்து வீட்டுக்காரி. வார நாளில் செனாயில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர். அவள் மைக்கைப் பிடித்தால், பந்தியில் இருப்பவன்கூட இலையை விட்டு எட்டிப் பார்ப்பான். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. எந்தப் பெயரை வாசித்தாலும் முன்னால் "ம்…" என்று சின்னதாக ஒரு முனகல். பெக்கான் நானாஸ் ஊரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயருக்குப் பதில் அவர் தம்பி பெயரை வாசித்துத் தொலைத்தாள். மண்டபமே கொந்தளித்துவிட்டது. அன்று பிடித்த பயம். பெயரைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்கிற சத்தம் அது.

மூன்று வருடத்துக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. தொலைபேசியில் பதில் சொல்லும் இயந்திரத்துக்குக் குரல் வேண்டுமாம். இரண்டு நாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பெயர்களும் வாக்கியங்களுமாக வாசித்தாள். கூலியாக அறுநூறு வெள்ளி கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"படிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போட்டாங்கக்கா, நானும் போட்டேன்."

போன வருடம் உலு திராமில் இருந்த கனகராஜ் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. மாலைக்கு முகவரி வேண்டுமே என்று திறந்தேன். அவர் படம், பக்கத்தில் விளக்கு, பின்னால் யோகேஸ்வரியின் குரல்: "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். ம்… கனகராஜ் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்."

அவள் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வேலையும் எடுத்துட்டியா?" என்று அதைப் போட்டுக் காட்டினேன். கையிலிருந்த சட்டை தரையில் விழுந்தது.

"அக்கா, இத நான் பேசவே இல்ல."

பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இரண்டு சாவுச் செய்தி அவள் குரலில் வந்தது. அன்று கண்ணாடி அறையில் வாசித்ததை வைத்து இயந்திரமே பேசுகிறது என்று புரிந்தது. அவளை யாரும் கேட்கவில்லை, அதற்கென்று ஒரு காசும் தரவில்லை. சந்தையில் அவள் மீன் விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். ஒருநாள் எங்கள் தெருப் பேச்சியம்மாளுக்கு ஃபோன் போட்டு "வணக்கம்" என்றதுதான் தாமதம், அந்தப் பக்கம் "ஐயையோ, யாரு போய்ட்டா?" என்று அலறல். விழுந்து விழுந்து சிரித்தோம். அதோடு சரி, பிறகு சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். "தப்பா நெனைக்காதீங்க லா. உங்க வாயில எங்க பொண்ணு பேரு வந்தா… வீட்டுல எல்லாம் பயப்படறாங்க."

மாசி முடிவதற்குள் அவளுக்கு ஒரு மண்டபமும் மிச்சமில்லை. குரலை எடுத்தவன் ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருக்கிறான், பறிகொடுத்தவளுக்குத் தீட்டாம்!

வழக்கறிஞர் குணாளனிடம் அவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினோம். "டெலிஃபோன் சேவைக்கு மட்டும்னு இருக்கு. நல்லது. ஆனா அது உங்க குரல்தான்னு நிரூபிக்கணுமே" என்றார்.

அந்த நிறுவனத்துக்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன். ரூபேந்திரன் என்கிற அதிகாரி நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "அது இவங்க குரல் இல்ல ஆன்ட்டி. அஞ்சு பேரோட குரலக் கலந்து செஞ்சது. அதுக்குப் பேரே 'குரல் மூன்று: பெண், கனிவு'."

"அப்படியா? எங்க, உங்க பேர அடிங்க, கேப்போம்."

அடித்தார். கணினி மூச்செடுத்தது போல ஒரு நொடி நின்றது. "ம்… ரூபேந்திரன்."

அவர் கை விசைப்பலகையை விட்டு விலகியது.

"இந்த 'ம்' அஞ்சு பேருக்கும் இருக்கா தம்பி?"

"அது… சின்னக் கோளாறு. எடுத்துருவோம்" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

சொன்னபடியே எடுத்துவிட்டார்கள். அடுத்த சாவுச் செய்தியில் "ம்" இல்லை. பெயர் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் யோகேஸ்வரி என் கடையில் உட்கார்ந்து உடைந்து அழுதாள். "அது நான்தான்னு சொல்ல இனிமே ஒண்ணுமே இல்லக்கா."

"அடி போடி, என் ஃபோன் எதுக்கு இருக்கு?" என்றேன். பதினாறாம் நாளுக்கும் வருடத் திதிக்கும் மாலை கேட்டு வருவார்கள் என்று ஒரு செய்தியையும் நான் அழிப்பதில்லை. எண்ணிப் பார்த்தால், அந்த "ம்" உள்ளவை மட்டும் நாற்பத்து மூன்று.

குணாளன் அறையில் அவற்றை வரிசையாகப் போட்டோம். ம்… என்றதும் ஒரு பெயர். மறுபடி ம்…, இன்னொரு பெயர். ஒவ்வொருவராக உள்ளே வந்து நிற்பது போலவே இருந்தது. நாற்பத்து மூன்று சாட்சி, ஒருத்தரும் உயிரோடு இல்லை. குணாளன் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்துவைத்தார்.

பிறகு தன் ஃபோனில் ஒலிப்பதிவை அழுத்தி அவள் முன்னால் வைத்தார். "உங்க வாக்குமூலம் வேணும். மொதல்ல பேரச் சொல்லுங்கம்மா."

அவள் மைக் முன்னால் நின்ற பழக்கத்தில் லேசாக முன்னால் குனிந்தாள்.

"ம்… யோகேஸ்வரி."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்மா, இதுவே போதும்" என்றார் குணாளன், மெல்லிய குரலில்.

நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.