பச்சை முக்காட்டுப் படம்

ஒவ்வொரு படத்துக்கும் என் நோட்டில் நான்கு கட்டங்கள்: படம், செய்தி, எந்த நூலில் இருக்கிறது, ஆலிமா சரிபார்த்தாரா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவேன். ஒரே ஒரு முறைதான் கட்டங்களைக் காலியாக விட்டேன்.

அந்த வாரம், எங்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமா ஊரில் இல்லை. கணவனின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பெரிய நன்மை உண்டு என்று, நபிமொழியாக, வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருந்தது. டேப்லெட்டில் பச்சை முக்காடு போட்ட பெண்ணை வரைந்து கீழே அதை எழுதினேன். முகத்தில் கண், மூக்கு, வாய் வைக்கவில்லை. முகம் வரைவது மார்க்கத்தில் கூடாது என்பதால் எங்களில் பலர் அப்படித்தான் வரைகிறோம். "முட்டைக்கு முக்காடு போட்ட மாதிரி கீதுக்கா" என்று தங்கை கேலி செய்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் அனகாபுத்தூரில் இருக்கும் கணவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு பொழிச்சலூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. இனி அங்கே போகமாட்டேன் என்றாள். போகவேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள் அவள் மாமியார் வந்து போனை நீட்டினார். என் படம்.

"நீ போட்டதுதானேம்மா? கலர் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கேன்."

நோட்டைப் புரட்டினேன். கடைசி இரண்டு கட்டங்களும் காலி. அங்கேயே ஆலிமாவைப் போனில் கூப்பிட்டேன். அப்படி ஒரு ஹதீஸே கிடையாது, யாரோ கட்டிவிட்டது என்றார். அப்படியே சொன்னேன்.

மாமியார் சிரித்தார். "ஊர்ப் பொண்ணுங்களுக்குன்னா ஹதீஸு. உன் தங்கச்சிக்குன்னா இல்லாம பூடுமா?"

படத்தை நீக்கினேன். தவறு என் மேல்தான் என்று எழுதிப் போட்டேன். கீழே முன்பின் தெரியாத பெண்கள் எழுதினார்கள்: குடும்பத்துக்காக மார்க்கத்தை மாத்தாதீங்க அக்கா.

மறுநாள் தங்கை பையை எடுத்தாள். தடுத்தேன்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா ஒருவேளை அது நெசமா இருந்தா? அல்லாஹ்வுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

என்னிடம் நோட்டு இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை நான் எதுவும் வரையவில்லை. போனில் அவளிடம் கேட்டேன், ஃபிரிட்ஜில் அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று.

"இருக்கு. தண்ணி எடுக்கிறப்பல்லாம் பாக்குறேன்." பிறகு சொன்னாள்: "முட்டைக்கு வீக்கமே தெரியலக்கா."