மலை இடக்கைப் பக்கம்

மகள் பள்ளிப் புத்தகக் கண்காட்சியிலிருந்து ஒரு துப்பறியும் நாவல் வாங்கி வந்தாள். அட்டையைப் பார்த்ததும் தோசைக் கரண்டியை வைத்துவிட்டேன். மூன்று பையன்கள், பழைய வரைபடம், தொலைந்த புதையல். நான் ஏழாவது படிக்கும்போது படித்த அதே கதை, புது அச்சில். முகர்ந்து பார்த்தேன். வெறும் மை வாசனை. எங்கள் பிரதியில் கற்பூரம் மணக்கும்.

பின்னே, நாங்கள் புத்தகம் எடுத்த வாடகை நூலகம் இருந்தது கற்பூரக் கடையின் மாடியில் அல்லவா? அங்கே எடுத்த எந்தக் கொலையும் கொள்ளையும் சாமி வாசனையோடுதான் வீட்டுக்கு வரும். இந்த நாவலில் மட்டும் கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். புதையல் எங்கே என்று தெரியாமல் திருப்பிக் கொடுக்க என் தோழி ஹசீனாவுக்கு மனம் வரவில்லை. கதையில் வரும் ஒரே பெண், பையன்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்க மட்டுமே வருகிறாள் என்பதில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அவனுங்க கெடக்கறானுங்க. நாமளே தேடலாம்டி" என்றாள்.

அவசரமும் இருந்தது. அவள் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. முழுப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

நாவலில் இருந்த குறிப்பு இதுதான்: மலையை இடக்கைப் பக்கம் வைத்து நட, மூன்றாவது குளம். எழுதியவர் எந்த மலையை நினைத்தாரோ, எங்களுக்கு உலகத்தில் மலை என்றால் அண்ணாமலை ஒன்றுதான். அதைக் கிரிவலம் வரும் அத்தனை பேருக்கும் மலை வலக்கைப் பக்கம். மாற்றி யாருமே நடப்பதில்லை. அதனால்தான் புதையல் யார் கையிலும் அகப்படவில்லை என்று கண்டுபிடித்துவிட்டோம். அவ்வளவு மூளை!

சனிக்கிழமை காலை அடி அண்ணாமலையிலிருந்து எதிர்ப்பக்கமாகக் கிளம்பினோம். எதிரே வந்த பூக்காரம்மா கூடையோடு நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, எதிர்ல போறீங்க? பாவம் வந்துடும்!"

நான் வந்த வழியே திரும்பப் பார்த்தேன். ஹசீனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வரட்டும். பாதிய என்கிட்ட குடுத்துடு, ஆம்பூருக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

மூன்றாவது குளம் வற்றிக் கிடந்தது. டிபன் பாக்ஸ் மூடியால் தோண்டினோம். ஒரு செருப்பு வார் கிடைத்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். புதையல் கிடைத்தால் அவள் அப்பா ஊரைவிட்டுப் போகமாட்டார் என்று நம்பியிருந்தேன்.

"அழுவாதடி. இல்லனா இன்னா, நாமளே வெப்போம். பெருசாயி வந்து எடுத்துக்கலாம்."

அவளுடைய பச்சை வளையல் இரண்டு, என் காம்பஸ் பெட்டி. புதைத்து மூடினோம்.

கற்பூரக் கடை மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். குளத்தை மூடி, பௌர்ணமிக்கு வரும் வண்டிகளை நிறுத்துகிறார்கள். ஆம்பூரிலிருந்து வந்த கடிதங்கள் இரண்டோடு நின்றுபோயின. எனக்குக் கோபம்தான். ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

"இதுல கடைசி அத்தியாயம் இருக்கும்மா, படி" என்று மகள் நீட்டினாள். மாட்டேன் என்றேன். அந்தப் பையன்களுக்கு என்ன கிடைத்தால் எனக்கென்ன?

பௌர்ணமிதோறும் நான் மலையை இடக்கைப் பக்கம் வைத்தே நடக்கிறேன். திட்டும் வாங்குகிறேன். ஆயிரக்கணக்கான முகங்கள் எதிரே வருகின்றன. என் முன்னால், நான் போகும் பக்கமாகவே போகும் ஒரு முதுகு என்றைக்காவது தெரிந்தால், அது ஹசீனாதான்.