தசாவதாரப் பீரியட்

மனிதன் குரங்கிலிருந்து வந்தானா இல்லையா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருநாளும் அறிவியல் பிரச்சினையாக இருந்ததில்லை. என் அறை எனக்குத் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்ற பிரச்சினையாகத்தான் இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

சித்தப்பா முடிச்சூரில் தனியாக வாடகைக்குக் குடியிருந்தார். பெருவெள்ளத்தின்போது அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பையும் பாதி நனைந்த புத்தகங்களுமாகச் சிட்லபாக்கத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார். தண்ணீர் வடியும்வரை என் அறையில் இருக்கட்டும் என்றார் அப்பா. தண்ணீர் வடிந்தது. ரோடு போட்டார்கள். போட்ட ரோட்டை மறுபடியும் தோண்டினார்கள். சித்தப்பா மட்டும் போகவில்லை. நான் ஹாலில், டிவிக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவில் பாயைப் போட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவருக்குக் கல்யாணம் ஆனால் மாடிப் போர்ஷனுக்குக் குடிபோய்விடுவார் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்த எனக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் சித்தப்பாவின் கல்யாணம்தான். பிள்ளையாரைச் சுற்றினால்கூட அவருக்காகத்தான் சுற்றினேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர்தான் அறிவியல் வாத்தியார். வீட்டில் சித்தப்பா, பள்ளியில் சார். மாற்றிக் கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் முறைப்பார். அவர் வகுப்புக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அவர் என்ன சொன்னாலும் யாராவது எழுந்து ‘எப்படி சார் தெரியும்?’ என்று கேட்க வேண்டும். பூமி உருண்டை என்றாலும் கேட்க வேண்டும், எலுமிச்சம்பழம் புளிக்கும் என்றாலும் கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார். பழக்கதோஷத்தில் கணக்கு வகுப்பிலும் இதைக் கேட்டுவிட்டு முட்டி போட்டவர்கள் உண்டு.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் எவனோ ஒருவன், “நமக்கு ஏன் சார் வால் இல்ல?” என்று கேட்டான். அது பத்தாம் வகுப்பில் வரவேண்டிய பாடம். சித்தப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எலும்பு, பல், கட்டைவிரல் என்று பீரியட் முழுக்கப் பேசிவிட்டு, “குரங்கு நமக்குத் தாத்தா இல்லடா, பங்காளி. ரெண்டு பேருக்கும் தாத்தா வேற ஒருத்தர்” என்று முடித்தார். கேட்டவன் வீட்டுக்குப் போய், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, குரங்கு நம் பங்காளி என்று அறிவித்திருக்கிறான். அந்த வீட்டில் அப்போது பங்காளிகளோடு நிலத் தகராறு, கோர்ட்டில் வழக்கு. மறுநாள் பிரேயருக்கு முன்பே அவன் அப்பா தாளாளர் அறையில் இருந்தார்.

எங்கள் தாளாளர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பள்ளிக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டார். அவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், ஏரிக்கரைப் பக்கம் சொந்த வீடு. அவருக்கு நெடுநாளாகவே இந்த விஷயத்தில் ஒரு முடிவு உண்டு. நம்முடைய தசாவதாரம்தான் பரிணாமம். முதலில் மீன், பிறகு ஆமை, பிறகு பன்றி, அப்புறம் பாதி மிருகம் பாதி மனிதன், அப்புறம் குள்ள மனிதன், கடைசியில் முழு மனிதன். பாடப்புத்தகத்தில் இருக்கிற தாடிக்கார வெள்ளைக்காரர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததை நாம் வருடா வருடம் கொலுவில் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். ஆகவே அறிவியல் பாடத்திலேயே வாரம் ஒரு பீரியட் இதற்கும் ஒதுக்கவேண்டும், பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும் என்றார். தாளாளர் சரி என்றார்.

இதில் எங்கள் வீட்டுக்கு என்ன வந்தது என்றால், அந்தப் பெரியவரின் பெண்ணுக்குத்தான் சித்தப்பாவைப் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, போட்டோ மாற்றி, நவராத்திரிக் கொலுவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிற சாக்கில் பெண் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பீரியடுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

“ஒரு பீரியட்தானேடா, நடத்திட்டு வந்துடேன். உன் கையில என்ன தேஞ்சா போயிடும்?” என்றார் அப்பா.

“அண்ணா, நான் சனிக்கிழமை தவறாம பெருமாள் கோயிலுக்குப் போறவன். அங்க நான் பெருமாளை ஒரு கேள்வி கேட்டதில்ல. இங்க கொண்டுவந்து நிறுத்தினா பசங்க கேப்பாங்க. அது அவருக்கும் மரியாதை இல்ல, எனக்கும் மரியாதை இல்ல.”

“முப்பத்தி மூணு வயசாகுது, மரியாதையைக் கட்டிக்கினு படு” என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் அப்பா கட்சி. என் அறைக்கு எந்தக் கலர் பெயிண்ட் அடிப்பது என்பதைக்கூட முடிவுசெய்து வைத்திருந்தேன். பெருமாளே வந்து பாடம் நடத்தினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நவராத்திரிக்கு முந்தின வாரம் அந்த முதல் பீரியட் வந்தது. கொலுப்படியில் ஏற்றிய பிறகு பொம்மைகளை நகர்த்தக் கூடாதே, அதனால் பரணிலிருந்து இறக்கிய கையோடு தசாவதாரச் செட்டை அட்டைப்பெட்டியில் வைத்துப் பெரியவரே எடுத்து வந்துவிட்டார். ஸ்கூட்டர் ஓட்டிவந்தது அவருடைய பெண். பொம்மைகள் அவள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். ஒரு விரல் உடைந்தாலும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன் என்று சொல்லி, அந்த அம்மாதான் காவலுக்குப் பெண்ணையும் வகுப்புக்குள் அனுப்பியிருந்தாள். பெருங்குடியில் கம்பெனி வேலையாம், அரைநாள் லீவு போட்டிருந்தாள். போட்டோவில் பார்த்த முகம்தான். கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் இடம் இருந்தது, வந்து உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். கொலுவில் பார்க்கவேண்டிய பெண் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சித்தப்பா கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தார்.

சித்தப்பா பொம்மைகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். தாளாளர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பாடத்தைப் பெரியவரே மச்சாவதாரத்திலிருந்து ஆரம்பித்து அழகாகத்தான் நடத்தினார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், முதல் பெஞ்சுப் பெண் வழக்கப்படி எழுந்தாள்.

“எப்படி சார் தெரியும்?”

“நம்ம முன்னோர்கள் சொல்லிவச்சிருக்காங்கம்மா.”

“அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

பெரியவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார். அப்போது முடிச்சூரிலிருந்து வருகிற ஒரு பையன் பெரியவருக்கு ஆதரவாகக் கை தூக்கினான். “சார் சொல்றது கரெக்டு சார். வெள்ளத்தப்போ எங்க வூட்டுக்குள்ள மீனுதான் சார் மொதல்ல வந்துச்சு. ஆமை அப்பால வந்துச்சு.” பெரியவர் முகம் மலர்ந்து, பார்த்தீர்களா என்பதுபோலத் தாளாளரைத் திரும்பிப் பார்த்தார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா பன்னி மட்டும் எப்பவுமே எங்க தெருவுலதான் சார் கீது” என்றான்.

அடுத்தவள் எழுந்தாள். பரசுராமரும் ராமரும் நேரில் பார்த்துச் சண்டை போட்டுக்கொள்கிறார்களே, ஒருவரிலிருந்து ஒருவர் வந்தால் அது எப்படி முடியும் என்று கேட்டாள். பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அது வந்து... பங்காளிங்க மாதிரின்னு வச்சுக்கோயேன்” என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியவில்லை. என் பக்கத்திலிருந்த அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

கிறிஸ்தவப் பெண் ஒருத்தி, தங்கள் சர்ச்சில் ஆறே நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், அதற்கும் ஒரு பீரியட் உண்டா என்று கேட்டாள். தாளாளர் பழக்கத்தில், உண்டு உண்டு என்றார். அவ்வளவுதான், எல்லாக் கையும் மேலே போயிற்று. ஒருவன் வீட்டுக் குலதெய்வம் புற்றிலிருந்து வந்ததாம், அதற்கும் உண்டு. இன்னொருத்தியின் மாமா மனிதர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் என்று வாட்ஸாப்பில் படித்தாராம், அதற்கும் பார்க்கலாம். இத்தனைக்கும் இடம் தேடி, பாட்டுப் பீரியட், ஓவியப் பீரியட் எல்லாம் போய் விளையாட்டுப் பீரியடில் கை வைக்கும்போதுதான் பையன்களுக்கு உறைத்தது. “இதெல்லாம் பரீட்சைக்கு வருமா சார்?” என்று ஒருவன் அழாக்குறையாகக் கேட்டான். தாளாளர் அதற்கு மட்டும் உண்டு என்று சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரியவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். கோபத்தை அடக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார். “தம்பி, நீங்கதான் அவங்க வாத்தியார். நீங்களே சொல்லிடுங்க. இது சயின்ஸா, இல்லையா?”

‘ஆமாம்’ என்று சொல்லிவிடவேண்டும் பெருமாளே என்று நான் பெஞ்சுக்கு அடியில் கை கூப்பினேன். மூன்றெழுத்து. சொன்னால் கல்யாணம், மாடிப் போர்ஷன், என் அறை. பக்கத்தில் அந்த அக்காவும் ஆடாமல் அசையாமல் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் வேறு கெடுக்கிறாளே, இவள் பார்த்தால் அவருக்குக் கூச்சம் வந்து உளறுவாரே என்று அவளை முழங்கையால் இடிக்காத குறை.

சித்தப்பா மீன் பொம்மையைக் கையில் எடுத்தார். பூசைக்கு எடுப்பதுபோல இரண்டு கையாலும் எடுத்தார்.

“இல்ல சார். இவரை நான் தினமும் கும்பிடறேன். ஆனா சயின்ஸ் இல்ல. இந்தப் பசங்க கேக்கற கேள்விக்குப் பதில் இருந்தாத்தான் அதை நான் இந்த போர்டுல எழுதலாம். இவர்கிட்ட கேள்வி கேக்கக் கூடாதுன்னுதானே சார் நாம கும்பிடறோம்?”

பிறகு ஒவ்வொரு பொம்மையாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஒன்றின் விரல்கூட உடையவில்லை. பெரியவர் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா பின்னாலேயே போனாள்.

வீட்டில் அன்றைக்கு இழவு வீடு மாதிரி இருந்தது. அப்பா சித்தப்பாவோடு பேசவில்லை. நான் பாயில் குப்புறப் படுத்து அழுதேன். எனக்காக அழாதே, போனால் போகட்டும் என்று சித்தப்பா பால்கோவா வாங்கிவந்து தலையைத் தடவிக் கொடுத்தார். அவருக்காக யார் அழுதது? ஆனாலும் பால்கோவாவைச் சாப்பிட்டேன்.

கொலுவுக்கு அழைத்த பிறகு போகாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று அம்மா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். பெரியவர் மாடியைவிட்டு இறங்கவில்லை. அம்மா ஹாலில் அவர் மனைவியோடு உட்கார்ந்தாள். அந்த அக்கா எனக்குச் சுண்டல் கொடுக்கிற சாக்கில் சமையலறைக்குக் கூட்டிப்போய், “உங்க சித்தப்பா வீட்டுலயும் இப்படித்தானா?” என்று கேட்டாள்.

விசாரணை செய்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு, காரியத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று துணிந்தேன். “ஐயோ, இல்லவே இல்லக்கா. அன்னிக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாரு. வீட்டுல யார் என்ன சொன்னாலும் தலையாட்டிடுவாரு. அப்பா சொன்னாலும் சரி, அம்மா சொன்னாலும் சரி. உங்க அப்பா சொன்னாக்கூட இனிமே சரின்னுடுவாரு.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கரண்டியைச் சுண்டலுக்குள்ளேயே போட்டுவிட்டாள். இவ்வளவு நல்ல பிள்ளை என்று சொல்லியும் இவளுக்கு என்ன குறை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் நாலு நல்ல குணம் சேர்த்துச் சொல்வதற்குள் ஹாலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, பெரியவரின் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க செய்யறது, அவன் புடிச்ச முயலுக்கு மூணே கால்தாங்க. எங்க வீட்டுக்காரர் தலைகீழா நின்னு பாத்துட்டாரு. மனசுக்குச் சரின்னு படலைன்னா கழுத்துல கத்தி வச்சாலும் தலையாட்ட மாட்டான்.”

நான் உழுது விதைத்த வயலில் அம்மா மாட்டை அவிழ்த்து விடுகிறாளே என்று பதறிப்போய் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கிண்ணத்தில் மறுபடியும் சுண்டலைப் போட்டுத் தேங்காயை அள்ளித் தூவினாள். ஆட்டோவில் திரும்பும்போது வழிநெடுக அம்மாவோடு சண்டை போட்டேன்.

தாளாளர் அந்தப் பீரியடை நீதிபோதனை வகுப்புக்கு மாற்றினார். பெரியவரே வந்து பிரகலாதன் கதை சொன்னார். மற்ற பிரிவுப் பிள்ளைகளும் ஜன்னலில் வந்து தொற்றிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னார். அங்கே யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. நவராத்திரி முடிந்த கையோடு அவர் வீட்டிலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. பெண் ஒரே பிடியாக இருக்கிறாளாம், நாங்கள் என்ன செய்வது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தாம்பரத்து மண்டபத்தில் கல்யாணம். வரவேற்பில் சித்தியின் ஆபீஸ் தோழிகள் மேடைமேல் சூழ்ந்துகொண்டு, இந்த மாப்பிள்ளையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். யாருக்குப் பேர் போகவேண்டுமோ அவர்களுக்குப் போகவேண்டுமல்லவா? நான் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் புகுந்து, “நான்தான் முடிச்சு வச்சேன். சித்தப்பா யார் என்ன சொன்னாலும் சரின்னுடுவாருன்னு சொன்னேன், உடனே அக்கா ஒத்துக்கிட்டாங்க” என்றேன். சித்தி மாலை ஆடச் சிரித்தாள். சித்தப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு நான் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனேன்.