நூலைக் கொளுத்திப் பார்த்தேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தோழி கமலாவுடன் ஜவ்வாது மலையில் நடந்த கம்பளி நூல் கண்காட்சிக்குப் போனேன். ஒரு கடைக்காரர் தன் நூல் சுத்தக் கம்பளி என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. அசல் கம்பளி கருகினால் முடி எரியும் நாற்றம் வரும் என்று படித்திருந்ததால், தீப்பெட்டியோடுதான் போயிருந்தேன். அங்கேயே ஓர் இழையைக் கொளுத்தினேன். அது கம்பளிபோலக் கருகாமல் உருகிச் சொட்டியதில், பக்கத்தில் நின்ற கமலாவின் நைலான் தாவணி பற்றிக்கொண்டது. கடைக்காரர் பாய்ந்து வெறுங்கையாலேயே கசக்கி அணைத்தார்.

“இன்னாம்மா, கடையக் கொளுத்த வந்தியா?” என்று சீறினார்.

“நைலானைக் கம்பளின்னு விக்கிறீங்களே, வெக்கமா இல்ல?” என்று நானும் விடவில்லை.

“நான் எரியறேன், உனுக்கு நூல்தான் முக்கியமா? இனிமே எங்கூடப் பேசாதடி!” என்று கமலா கத்தினாள்.

ஊர் திரும்பும்போது ஆலங்காயம் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தவள், இன்றுவரை பேசவில்லை. இப்போதெல்லாம் ஒரு துண்டு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தட்டின் மேல் தனியாகக் கொளுத்திப் பார்க்கிறேன்.