பீலிக்ஸ் அண்ணன் வளைத்த வீதி

பீலிக்ஸ் அண்ணன் போய்விட்டார் என்று சபைக் காவலாளி தொலைபேசியில் சொன்னபோது, "லீவு எடுக்கத் தெரியாத மனிசன், இப்ப மட்டும் என்ன அவசரம்?" என்று கேட்டுவிட்டேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது.

எங்கள் பிரதேச சபையில் அவர் மேசன்; நான் தண்ணீர் பவுசர் லொறியில் வேலையாள். அவர் புளியந்தீவுப் பறங்கியர் குடும்பம்; ஐரோப்பியர் வழிவந்த கத்தோலிக்கர். அவருடைய கோபமும் சீமெந்து மாதிரி மெதுவாகத்தான் இறுகும் என்பது கூட வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

சுனாமியன்று சபை வாசலிலுள்ள பெரிய புளியமரத்தில் ஏறித்தான் நான் உயிர் தப்பினேன். உப்புத் தண்ணீர் குடித்த மரம் பிறகு இலையெல்லாம் கொட்டி நின்றது. விழுவதற்கு முன் தறித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பீலிக்ஸ் அண்ணன் சபைத் தலைவரிடம் அடுத்த மாரிவரை தவணை கேட்டு வாங்கினார். அகதி முகாம்களுக்குக் கொடுத்தது போகப் பவுசரில் மிஞ்சிய தண்ணீரெல்லாம் மரத்தடிக்குப் போனது.

"செத்த மாட்டுக்குப் புல்லுப் போடுறீங்க அண்ணன்," என்றேன்.

"உன்னைத் தூக்கி வச்சிருந்த கொப்புடா. ஒரு வாளி ஊத்த உனக்குக் கை நோகுதோ?"

வாளியை எடுத்து ஊற்றினேன். மாரிக்குப் பிறகு உச்சிக் கொப்பில் ஒரு பிடி தளிர் தெரிந்தது. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "இந்தப் புளியில புளியாணம் காய்ச்சுறது எப்ப?" என்று நான் கேட்டேன்.

யுத்தம் முடிந்ததும் வீதியை அகலிக்க வந்தார்கள். மரத்தில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு, தறிப்பதற்கு அடையாளமாக. கோயிலில் கேட்டு ஒரு சூலம் வாங்கி வந்தேன். "இதைக் குத்தி, சிவப்புத் துணியைக் கட்டுவம். பிறகு எவன் கை வைப்பான்?" பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

அவர் மறித்தார். "சூலம் குத்தினா, காத்தான்குடியால புடவை கொண்டு வாற நானா எங்க இருப்பார்? நான் மாதாவை வச்சா நீ எங்க இருப்பாய்? அண்டைக்கு அந்தக் கொப்பில நீ மட்டுமா இருந்தாய்?"

அந்த முஸ்லிம் வியாபாரி நானாவும்தான் இருந்தார். என் கையைப் பிடித்து மேலே இழுத்தவரே அவர்தான். சூலத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீதிப் பொறியியலாளர் வந்து, தன் வாகனத்தை அதே மர நிழலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மரத்தை விட்டா வீதி எங்கால போறது?"

"எங்கட சபை மதிலை இடிச்சுப்போட்டு உள்ளால போகட்டும் சேர்," என்றார் பீலிக்ஸ் அண்ணன்.

நாங்கள் திகைத்துப்போனோம். சுனாமிக்குப் பிறகு அவரே தன் கையால், பூ வேலைப்பாடெல்லாம் வைத்துக் கட்டிய மதில் அது. ஒருவரையும் அதில் சாய விடமாட்டார். தலைவர் சபையைக் கூட்டி, முன்வளவில் ஒரு துண்டை வீதிக்கு விட்டுக்கொடுக்கத் தீர்மானம் எடுத்தார். பொறியியலாளரும் வரைபடத்தை மாற்றினார். மதிலில் முதல் அடியை அடித்தது பீலிக்ஸ் அண்ணன்தான்.

"இப்பவாவது சாயலாமா அண்ணன்?"

"சாய்டா. விழுந்தா நான் பொறுப்பில்ல."

அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோன வாகனம் புளியமரத்தடியில் வளைந்து திரும்பியது. பின்னால் பஸ்சில் வந்த நாங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். நானா என் தோளில் வந்து விழுந்தார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

எங்களைச் சாய விடாத அந்த மனிதரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, அந்த வளைவில் பஸ் திரும்பும்போது வரும் இந்தச் சாய்வுதான். வேலைக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.