தமிழரசி டீச்சரின் தொடுதிரை மேசை

அரியலூர் பஸ் நிலையத்தில் திருமானூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தமிழரசி டீச்சரின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிட்டாங்க சார்” என்றார். பஸ் வந்தது, ஏறத் தோன்றாமல் நின்றேன். தமிழரசி டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் வேலை பார்த்தவர்கள். அவருடைய கோபத்தைப் பற்றி, அவரோடு பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது யாருக்காக வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு யாரோ ஒரு தொடுதிரை மேசையை நன்கொடையாகக் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசை அளவு. மேல்பலகை முழுக்கக் கம்ப்யூட்டர் திரை. பல பேர் ஒரே நேரத்தில் தொடலாம். முதல் நாளே சண்டை. ஒருத்தி வரைபடத்தில் கொள்ளிடத்தைப் பெரிதாக்க, எதிரில் நின்றவன் அதை இழுத்துக்கொண்டு போனான். ஒருவர் தொடட்டும், மற்றவர்கள் கைகட்டி நிற்கட்டும் என்று மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னோம். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“கையக் கட்டிட்டு நிக்கவா இம்மாம்பெரிய மேச? சண்ட போடட்டும் சார். அதுங்களே வழி கண்டுபிடிக்கும்.”

கண்டுபிடித்தார்கள். படம் தாறுமாறாக ஓடினால் யாராவது “கைய எடு” என்பார்கள். எல்லோரும் கையைத் தூக்கிவிட்டு ஒவ்வொருவராக வைப்பார்கள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எழுத்தைத் தலைகீழாகவே படிக்கப் பழகிக்கொண்டார்கள். டீச்சர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எட்டாத குட்டிப்பெண்ணுக்கு இடம் விடாதவர்களை மட்டும் அதட்டுவார்.

ஆயுத பூஜை வந்தது. பீரோ, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த டீச்சர், மேசைக்கும் திரையோரத்தில் கெட்டியாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். பூஜைப் பொட்டை யார் அழிப்பார்கள்? விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். மேசையை டவுன் பள்ளிக்கு மாற்றுவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. பிள்ளைகள் வரைபடத்தைத் திறந்தார்கள். அது விரிந்தது, சுருங்கியது, சொன்ன பேச்சு கேட்கவில்லை.

“இத்தன கை ஒண்ணா வச்சா இப்படித்தான். டவுனுக்கே அனுப்பிடலாம்” என்றார் அதிகாரி. டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

“கைய எடு” என்றது ஒரு குரல். எல்லாக் கைகளும் மேலே போயின. ஒருத்தி மட்டும் ஒரு விரலை வைத்து இழுத்தாள். படம் நகராமல் பெரிதானது. இரண்டு விரல் பட்டால்தான் பெரிதாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

“இன்னொரு கை இருக்குடி!”

எல்லோரும் குனிந்து ஓரமெல்லாம் தேடினார்கள். மேசை அந்தச் சந்தனப் பொட்டையும் ஒரு விரலாக எண்ணியிருக்கிறது! துடைத்ததும் சரியாகிவிட்டது.

“பொட்டு வச்சது நான்தான் சார். கண்டுபிடிச்சது இவங்க” என்றார் டீச்சர், கொஞ்சமும் கூசாமல். அதிகாரி சிரித்துவிட்டார். “இவங்கன்னா? யாரு?” என்று கேட்டார்.

“நாங்க சார்!” மேசையின் நான்கு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. மேசை எங்களிடமே தங்கியது.

“ஒரு புள்ள கூட நான்னு முந்திக்கல, பாத்தீங்களா?” என்று மாலை பஸ்ஸில் டீச்சர் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஒருவருடன் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

டீச்சர், தள்ளி உட்காரும் தைரியத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் சண்டை போடும்போது எனக்கு இன்னும் கை பரபரக்கிறது. ஆனாலும் எழுந்திருப்பதில்லை.